எந்தத் துகள்?

சில ஆண்டுகளுக்கு முன் போடிநாயக்கனூரில் ஒரு பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "சார், பொட்டிப்புரத்து மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வந்தால், அந்தத் துகளெல்லாம் பறந்து வந்து ஏலச் செடியில் படிந்துவிடும் என்று சொல்கிறார்களே, அது நிஜமா?" என்று கேட்டாள். பின் வரிசையில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணின் தாயார் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போகிறவர் என்று பிறகு தெரிந்தது. துகள் என்றால் பறக்கும், படியும், மூச்சில் ஏறும் என்பதை அவள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவள் தமிழ்ச் சொல்லை அதன் சரியான பொருளில்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். கோளாறு அவளிடத்தில் இல்லை. சொல்லை அவள் கையில் கொடுத்த நம்மிடத்தில்தான் இருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம்.

சின்னஞ்சிறு துண்டுகளுக்குப் பெயர் வைப்பதில் தமிழைப்போல் தாராளமான மொழி குறைவு என்றே நினைக்கிறேன். அரிசி உடைந்தால் அது நொய்; இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் குருணை. பானை உடைந்தால் சில்லு. மரத்தை இழைத்தால் சுருள்சுருளாக விழுவது சீவல்; அறுத்தால் உதிர்வது மரத்தூள்; கையில் ஏறிக் குத்துவது சிராய். துணியிலிருந்து பிரிவது பிசிறு. மிளகாயை இடித்தால் தூள், அரிசியை இடித்தால் மாவு. கருங்கல்லை உடைத்தால் ஜல்லி. அதிலும் ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி என்று அங்குலக் கணக்கில் பெயர்கள் உண்டு. உங்கள் பாட்டியிடம் போய் நொய்யும் தவிடும் ஒன்றுதான் என்று சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கிறதென்று தெரியும்!

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். மலையிலிருந்து உலர்ந்து இறங்கிய காய்களைச் சல்லடையில் இட்டு அசைக்கிறார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய் மேலே நிற்கும். சிறியது அடுத்த சல்லடைக்கு இறங்கும். வெடித்த காய், சொத்தைக் காய், காம்பு, உதிர்ந்த விதை ஒவ்வொன்றும் தனித்தனிக் குவியல். எல்லாம் ஒரே செடியில் விளைந்தவைதாம். ஆனாலும் ஒன்றின் பெயரால் மற்றொன்றை விற்க முடியாது.

தேயிலையில் ஒரு வேடிக்கை உண்டு. கடையில் 'டஸ்ட் டீ' என்று வாங்குகிறோம். டஸ்ட் என்றால் தூசு. ஆகவே அது ஆலையின் தரையைப் பெருக்கி எடுத்தது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். உண்மையில் டஸ்ட் என்பது ஓர் அளவின் பெயர். தூள் எவ்வளவு சிறிது என்பதைக் காட்டும் தரப் பெயர், அவ்வளவுதான். சிறிய தூளில் சாறு சீக்கிரம் இறங்கும் என்பதால்தான் நம் டீக்கடைகள் அதை விரும்புகின்றன. ஒரு தொழிலுக்குள் தெளிவாக இருக்கும் சொல், வெளியே வந்ததும் தடம் மாறிவிடுகிறது.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். 'பார்ட்டிகிள்' என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'பார்ஸ்' என்றால் பங்கு, பகுதி. அதன் வாலில் ஒட்டியுள்ள விகுதி சிறுமையைக் குறிப்பது. ஆக, 'சின்னப் பங்கு' என்பதே அதன் நேர்ப்பொருள். ஆங்கிலேயர் இந்த ஒரு சொல்லைப் பல வேலைகளுக்கு அமர்த்திக்கொண்டார்கள். காற்றில் மிதக்கும் தூசும் பார்ட்டிகிள், எலெக்ட்ரானும் பார்ட்டிகிள். மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை பார்ட்டிகிள் போர்டு. ஒருவர் பேச்சில் உண்மை இம்மியும் இல்லையென்றால், ஒரு பார்ட்டிகிள்கூட உண்மை இல்லை என்பார்கள். நாம் 'எள்ளளவும்' என்போம். இலக்கணத்திலும் பார்ட்டிகிள் உண்டு. ஏ, ஓ, உம் போன்ற, தனித்து நில்லாத சிறு சொற்களுக்கு அந்தப் பெயர். நாம் அவற்றை இடைச்சொல் என்கிறோம்; தொல்காப்பியம் அவற்றுக்கென இடையியல் என்று ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. ஆங்கில அகராதியைப் பார்த்து அவற்றைத் 'துகள்' என்று யாரும் மொழிபெயர்க்கவில்லை, நல்ல வேளை!

ஆனால் பௌதிகத்தில் நாம் அவ்வளவு கவனமாக இருக்கவில்லை. பார்ட்டிகிள் என்று வந்த இடத்திலெல்லாம் துகள் என்று எழுதினோம். பழைய தமிழில் துகள் என்றால் புழுதி. குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. புழுதிக்கு உரிய இந்தச் சொல்லில் எலெக்ட்ரானையும் நியூட்ரினோவையும் ஏற்றினோம். பிறகு காற்று மாசு பற்றிய செய்திகள் வந்தன. 10 மைக்ரானுக்கும் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த தூசுகளைப் பத்திரிகைகள் 'நுண்துகள்கள்' என்று எழுதத் தொடங்கின. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்போது ஒரே நாளிதழின் ஒரு பக்கத்தில் நுரையீரலுக்குள் போகும் துகளும், அடுத்த பக்கத்தில் சூரியனிலிருந்து வரும் துகளும் இருக்கின்றன. வாசகர் என்ன செய்வார்?

இவ்விரண்டும் எவ்வளவு தூரம் வேறு என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 2.5 மைக்ரான் விட்டமுள்ள ஒரு குவார்ட்ஸ் தூசியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது, தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். அந்தத் தூசிக்குள் ஏறத்தாழ 65,000 கோடி அணுக்கள் அடங்கியிருக்கின்றன. பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் அவகாட்ரோ எண்ணை வைத்து நீங்களே சரிபார்க்கலாம். நியூட்ரினோவோ அணுவைவிடச் சிறியது, அணுக்கருவைவிடச் சிறியது. அதற்கு இன்னதென்று ஒரு பருமனை யாரும் அளந்ததில்லை. எடையோ, எலெக்ட்ரானின் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. தூசு ஏதோ ஒன்றிலிருந்து உடைந்து வந்தது. பாறை உடைந்தால் பாறைத் தூசு. 'சின்னப் பங்கு' என்ற பெயர் அதற்குப் பொருந்தும். நியூட்ரினோ எதிலிருந்தும் உடைந்து வந்ததில்லை. அணுக்கரு சிதையும்போது அந்தக் கணத்தில் அது புதிதாக உண்டாகிறது; அதற்கு முன் கருவுக்குள் அது ஒளிந்திருந்தது என்று சொல்ல முடியாது. துண்டு என்ற எண்ணத்தையே இங்கே கழற்றி வைத்துவிட வேண்டும்.

1930-இல் வுல்ஃப்காங் பௌலி, கணக்கில் விடுபட்ட ஆற்றலுக்குக் காரணம் சொல்ல இப்படி ஒன்று இருக்கலாம் என்று ஊகித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் நியூட்ரான். ஆனால் 1932-இல் சாட்விக் கண்டுபிடித்த கனமான ஒன்றுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. இத்தாலியரான அமால்டி விளையாட்டாக 'நியூட்ரினோ' என்றார். ஃபெர்மி அதைப் பரப்பினார். இத்தாலிய மொழியில் 'இனோ' என்றால் நாம் 'குட்டி' என்று செல்லமாகச் சேர்க்கிறோமே, அதுபோல. மின்னூட்டம் இல்லாத குட்டிப் பயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1956-இல்தான் ரைன்ஸ், கோவன் இருவரும் அது உண்மையில் இருப்பதாகச் சோதனையில் காட்டினார்கள்.

அவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம், அது எதனோடும் எளிதில் மோதாது என்பதே. உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர் இருக்கும். ஒவ்வொரு வினாடியும் சூரியனிலிருந்து வரும் 6,500 கோடி நியூட்ரினோக்கள் அதன் வழியே போய்க்கொண்டிருக்கின்றன. இரவிலும் போகின்றன, பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வரும். நம் உடம்பிலேயும் அவை பிறக்கின்றன. உணவில் உள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பகுதி இயற்கையாகவே சிதைந்துகொண்டிருக்கும். அதனால் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலிலிருந்து ஒரு வினாடிக்குச் சுமார் 4,000 எதிர் நியூட்ரினோக்கள் வெளியேறுகின்றன. ஏலக்காய் பொறுக்கும் அந்த அம்மாளிடமிருந்தும் தான், மூட்டையை ஏலம் எடுக்கும் வியாபாரியிடமிருந்தும் தான்.

பொட்டிப்புரத்துக்கு இவை எப்படி வந்து சேர்ந்தன? முதலில் நீலகிரியில் சிங்காரா என்ற இடத்தில்தான் இந்திய நியூட்ரினோ நோக்குக்கூடத்தை அமைக்க எண்ணினார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகில் என்பதால் 2009-இல் அனுமதி கிடைக்கவில்லை. பிறகு தேனி மாவட்டத்தில் போடி மேற்கு மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. திட்டம் இதுதான்: மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப் பாதை, அதன் முடிவில் 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரமுள்ள குகை, அதற்குள் 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கிக் காந்தமாக்கி, இடையிடையே உணர்கருவிகளைச் செருகுவது. அந்தக் கருவி நியூட்ரினோவை உண்டாக்காது. வானிலிருந்து வருவதில் எப்போதாவது ஒன்று இரும்பில் மோதினால், அதன் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளும். மலை எதற்கு என்றால், அதுவும் ஒரு சல்லடைதான். விண்ணிலிருந்து பொழியும் மற்றக் கதிர்களில் பெரும்பகுதியைப் பாறை தடுத்து நிறுத்திவிடும். நியூட்ரினோ மட்டும் தடையில்லாமல் இறங்கி வரும்.

ஊரில் எதிர்ப்பு எழுந்தது. 2015-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்றது. 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு வழக்குத் தொடுக்க, 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருப்பது அந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. 2018-இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இத்திட்டத்தை அங்கே அனுமதிக்க மாட்டோம் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலை குடையப்படவில்லை.

வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. அந்த வாக்குவாதத்தில் ஒரு சொல் செய்த கெடுதலைத்தான் சொல்ல வருகிறேன்.

எதிர்த்தவர்களில் சிலர், நியூட்ரினோத் துகள் பரவும், பயிர் கருகும், நோய் வரும் என்றார்கள். இது தவறு. ஆதரித்தவர்களில் சிலர், நியூட்ரினோவால் எவருக்கும் தீங்கில்லை, ஆகவே திட்டத்தாலும் தீங்கில்லை என்றார்கள். இதுவும் தவறுதான்; என்னைக் கேட்டால், படித்தவர்கள் செய்ததால் கொஞ்சம் பெரிய தவறு. காரணம் பாருங்கள். மேலே சொன்ன குகையின் கொள்ளளவைப் பெருக்கினால் 68,640 கன மீட்டர். அங்குள்ள பாறை சார்னோக்கைட். ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன் எடை இருக்கும். ஆக, குகைக்கு மட்டும் 1,85,000 டன் பாறையை வெடிவைத்துப் பெயர்க்க வேண்டும். சுரங்கப் பாதைக்கு வேறு. 10 டன் லாரியில் ஏற்றினால் குகைக்கு மட்டும் 18,500 லோடு. இந்தப் பாறையில் குவார்ட்ஸ் இருக்கிறது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்த வகைக் கல்லை வைத்ததால் பாறைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. நம் பரங்கிமலையும் பல்லாவரமும் இதே கல்தான். குவார்ட்ஸை உடைத்தால் எழும் நுண்ணிய தூசு நுரையீரலின் ஆழத்துக்குப் போய்த் தழும்பை உண்டாக்கும். அதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். வந்தால் குணமாக்க முடியாது.

ஊரார் 'துகள்' என்று பயந்தபோது, அந்தப் பயத்தில் ஒரு பாதி ஆதாரமற்றது, மறு பாதி கேட்கப்பட வேண்டியது. ஒரே சொல்லில் இரண்டும் சுற்றிக் கிடந்ததால், ஆதாரமற்ற பாதிக்குப் பதில் சொன்னவர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொண்டார்கள்.

இவ்விரண்டு துகள்களும் ஒரே இடத்தில் இருந்த ஊர் ஒன்று உண்டு. கோலார் தங்க வயல். அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1965-இல் அந்தச் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகிலேயே முதன்முதலாகக் கண்டவர்களுள் ஒரு குழுவானார்கள். அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் ரைன்ஸ் குழுவும் கண்டது. நியூட்ரினோவால் கோலாரில் எவருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. ஆனால் அதே சுரங்கத்தின் பாறைத் தூசால் சிலிகோசிஸ் வந்த தொழிலாளர்களைப் பற்றிய பதிவுகள் 1940-களிலேயே இருக்கின்றன. எந்தத் துகள் மனிதனைக் கொன்றது, எந்தத் துகள் பெயர் வாங்கிக் கொடுத்தது என்று அங்கே தெளிவாகத் தெரியும். நம் பாடப் புத்தகங்களில் முதற்செய்தி வருவதைப் போல இரண்டாவதும் வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, என்ன செய்யலாம்? நியூட்ரினோவுக்குப் புதிய தமிழ்ச் சொல் உண்டாக்குங்கள் என்று சொல்ல மாட்டேன். துகள் என்பது இயற்பியலில் வேரூன்றிவிட்டது. இனிப் பிடுங்குவது வீண் வேலை. ஆனால் மற்றப் பக்கத்தில் கை வைக்கலாம். காற்றில் மிதக்கும் மாசை 'நுண்துகள்' என்று எழுதுவதை விட்டுவிட்டு 'நுண்தூசு' என்று எழுதுவோம். தூசு என்றால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று நாலு வயதுக் குழந்தைக்கும் தெரியும். இதிலும் ஒரு குறை இருக்கிறது. வாகனப் புகையின் கரியும், நுண்ணிய நீர்மத் துளிகளும்கூட அந்த மாசில் சேர்த்தி; அவற்றை முழுவதும் தூசு என்பது சரியாகாது. இருந்தாலும் துகள் என்பதைவிட இது குறைந்த கெடுதல் செய்யும் என்றே கருதுகிறேன். இதைவிட நல்ல சொல் உங்களுக்குத் தோன்றினால் ஆசிரியருக்கு எழுதுங்கள்.

அந்த மாணவிக்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறைதான். நியூட்ரினோ எதன்மேலும் படியாது, இப்போதும் ஏல இலையின் வழியே போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பாறைத் தூசு படியுமா என்று அவள் கேட்டதாக எடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் நேர்மையான பதிலாக இருந்திருக்கும். அதை இப்போது சொல்கிறேன்.

10 மீட்டர் உயரத்துக்கு எழுந்த பாறைத் தூசு, காற்று அசையாமல் இருந்தால் எவ்வளவு நேரத்தில் கீழே விழும்? 100 மைக்ரான் தூசு அரை நிமிடத்துக்குள் விழுந்துவிடும். 10 மைக்ரான் தூசுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். 2.5 மைக்ரான் தூசுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், 10 மைக்ரான் தூசு சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் போய்விடும், 2.5 மைக்ரான் தூசு மாவட்டத்தைத் தாண்டிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மலைப் பக்கத்திலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி வீசும். அப்போது தூசு ஏலத் தோட்டத்துக்குப் போகாது. பொட்டிப்புரத்துக்குக் கிழக்கே உள்ள வயல்களுக்குத்தான் போகும். வடகிழக்குப் பருவத்தில் பொதுவாகத் திசை மாறும். துளையிடும்போதும் உடைக்கும்போதும் தண்ணீர் தெளித்தால் தூசு வெகுவாகக் குறையும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி.

மலை குடையப்படாததால் இதை அங்கே அளந்து பார்க்க வழியில்லை. ஆனால் உங்கள் ஊருக்கு அருகில் கல்குவாரியோ ஜல்லி உடைக்கும் கிரஷரோ இல்லாமல் இராது. ஒரே அளவுள்ள நாலு கண்ணாடித் தகடுகளில் மெல்லியதாக வாசலின் தடவுங்கள். குவாரிக்குள் போக வேண்டாம். வெளியே 200 மீட்டர், 500 மீட்டர், 1 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர் தூரங்களில் வீட்டு மாடிகளில் ஒரு நாள் வைத்து எடுங்கள். பள்ளி நுண்ணோக்கியில் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை தூசு என்று எண்ணுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ஒரு முறையும் நவம்பரில் ஒரு முறையும் செய்தால், இரண்டு பட்டியல்களும் ஒன்றுபோல் இருக்காது.